கிராஸ் மாமாவும் லஸ் முனையில் நின்ற ஜானவாசக் காரும்

மயிலாப்பூரில் வக்கீல்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. மாட வீதியில் நின்றுகொண்டு "வக்கீல் சார்!" என்று ஒரு குரல் கொடுத்தால் பாதித் தெரு திரும்பிப் பார்க்கும். திரும்பாத மீதிப் பேர் வக்கீல் குமாஸ்தாக்களாக இருப்பார்கள். ஆனால் மோட்டார் காரைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்த வக்கீல் இந்தப் பூமண்டலத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் தெருவில், எங்களுக்கு எதிர் வீட்டில் குடியிருந்தார்.

அவரை நாங்கள் கிராஸ் மாமா என்போம். பெற்றோர் வைத்த பெயர் வாசல் பலகையில் பட்டங்களோடு எழுதியிருந்தது. அதை யாரும் நின்று படித்ததாகத் தெரியவில்லை. சாட்சியை மடக்கி மடக்கிக் கேட்பதை வக்கீல்கள் 'கிராஸ் பண்றது' என்பார்கள் அல்லவா? வேடிக்கை என்னவென்றால், மாமா கோர்ட்டில் ஒரு சாட்சியைக்கூட கிராஸ் பண்ணியதில்லை. ஜட்ஜ் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்துவிட்டால் போதும், மாமாவுக்குத் தொண்டை வறண்டுவிடும். "மை லார்ட்" என்பார். அதற்குப் பிறகு வாய் திறக்கும், மூடும், சப்தம் மட்டும் வராது. தஞ்சாவூர்ப் பக்கம் கொஞ்சம் நிலம் இருந்தது. அதனால் அடுப்பு எரிந்தது.

ஆனால் கிளம்பாத கார் ஒன்றை அவர் முன்னால் கொண்டுவந்து நிறுத்திப் பாருங்கள்! அந்த மனிதரா இவர் என்று நீங்கள் மூக்கின்மேல் விரலை வைப்பீர்கள்.

அந்தக் காலத்துக் கார்களைப் பற்றி இந்தத் தலைமுறைக்குச் சொல்லியாக வேண்டும். முன்னால் ஹாண்டிலைச் சொருகிச் சுற்ற வேண்டும். நல்ல நாளாக இருந்தால் இரண்டு சுற்றில் பிடித்துக்கொள்ளும். இல்லாவிட்டால் இன்ஜின் 'கர்ர் கர்ர்' என்று விசுவாசமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும், பிடிக்கத்தான் பிடிக்காது. சுற்றுகிறவனின் வேஷ்டி அவிழும், தோள்பட்டை கழன்றுவிடும். அப்போது யாராவது ஓடிப் போய் எதிர் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். மாமா உடனே வந்துவிட மாட்டார். உள்ளே போய்க் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு, தலைப்பாகையைச் சரி செய்துகொண்டு, குடையைக் கையில் எடுத்துக்கொண்டுதான் வெளியே வருவார்.

காரை அவர் தொடவே மாட்டார். எதையும் குடை நுனியால் காட்டுவதோடு சரி. "சாட்சி மேல வக்கீல் கை வைக்கப்படாது" என்பார். காரைச் சுற்றி ஒரு பிரதட்சிணம் வருவார். பிறகு சொந்தக்காரரைப் பார்த்து ஆரம்பிப்பார்.

"சுத்தறது, ஆனா பிடிக்கல்லே. அப்படித்தானே? அப்போ மூணு பேர்லே ஒருத்தன் ஆஜராகல்லே. நெருப்பு, பெட்ரோல், காத்து. மூணு பேரும் ஒரே சமயத்திலே ஒரே எடத்திலே ஆஜரானா வண்டி கிளம்பித்தான் ஆகணும். எவன் வரல்லேன்னு இப்போ பார்த்துடலாம்."

இதைக் கேட்கும்போதே பாதிக் கூட்டம் கூடிவிடும். மீதிப் பாதி அவர் கோட்டைப் பார்த்ததுமே வந்து நின்றிருக்கும்.

நாலு வீடு தள்ளி இருந்த டாக்டரின் கார் ஒருநாள் காலையில் கிளம்ப மறுத்தது. மாமா வந்தார். டாக்டர் பாவம், வயிற்று வலிக்காரர் ஒருவர் வீட்டுக்கு அவசரமாகப் போக வேண்டியவர்.

"வண்டி கடைசியா எப்போ ஓடித்து?"

"நேத்து சாயங்காலம்."

"எங்கே போனேள்?"

"சைதாப்பேட்டையிலே ஒரு ஜுரக் கேஸ்."

"பெட்ரோல் எப்போ ரொப்பினேள்?"

"நேத்து மத்தியானம்தான். அதனாலே பெட்ரோல் இல்லேங்கற பேச்சே இல்லே."

மாமா குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "மத்தியானம் ரொப்பின பெட்ரோல், சைதாப்பேட்டைக்குப் போயிட்டு வந்தா தீருமா? தீராது. தொட்டியிலே குச்சியை விட்டுப் பாருங்கோ." டிரைவர் குச்சியை விட்டுப் பார்த்தான். குச்சி உலர்ந்தே வந்தது. "சரி. பாக்கி பெட்ரோல் எங்கே போச்சு? நேத்திக்குக் கிண்டியிலே குதிரைப் பந்தயம் உண்டா, இல்லையா? உண்டு, இல்லேன்னு மட்டும் சொல்லுங்கோ."

வாசல் கதவுக்குப் பின்னாலே ஒரு வளையல் சப்தம் கேட்டது. டாக்டரின் மனைவி.

"மாமா, கேஸுக்கு நேரமாச்சு..." என்று டாக்டர் கெஞ்சினார்.

"கேட்ட கேள்விக்குப் பதில்!"

"உண்டு" என்றார் டாக்டர், செருப்பைப் பார்த்துக்கொண்டு. பந்தயம் முடிந்து சிநேகிதர்களை ஏற்றிக்கொண்டு பீச்சைப் பலமுறை வலம் வந்தது வரை ஒவ்வொன்றாக வெளியே வந்தது. மாமா வெற்றியோடு குடையை விரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். டாக்டர் வயிற்று வலிக்காரரிடம் நடந்தே போனார். அவருக்கு வீட்டில் ரசம் சாதம் மறுபடி கிடைக்க வெகு நாள் ஆயிற்று.

"ஏன் மாமா, அந்த மாமி காதிலே விழும்படியா கேட்டுட்டேளே?" என்றேன் நான்.

"உண்மைக்கு வாசல் பக்கம், உள் பக்கம்னு கிடையாதுடா" என்றார் மாமா. உண்மையைக் கண்டுபிடித்துவிட்டு அதைச் சொல்லாமல் இருப்பது, அவர் அகராதியில், சாப்பாடு பரிமாறிவிட்டு இலையை எடுத்துவிடுவது போல.

அவருடைய கண்டுபிடிப்பு எப்போதும் சரியாக இருக்குமா என்று கேட்காதீர்கள். அது வேறு விஷயம். தியாகராய நகர் அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தது. பாதி மனை, பாதி வயல். அங்கே புது வீடு கட்டிக் குடியேறிய ரிடயர்டு டிப்டி கலெக்டர் ஒருவர், குடும்பத்தோடு கோடைக்கு எங்கோ போய்விட்டுத் திரும்பி வந்து பார்த்தால் கார் கிளம்பவில்லை. மாமாவை ஜட்கா வண்டி வைத்து அழைத்துப் போனார்கள். துணைக்கு நான்.

சாப்பாட்டு வேளை தாண்டியும் விசாரணை நடந்தது. டிப்டி கலெக்டர், அவர் சம்சாரம், சமையல்காரர், பால்காரர் எல்லோரும் வாக்குமூலம் கொடுத்தார்கள். கடைசியில் மாமா தீர்ப்புச் சொன்னார்: "மேக்னெட்டோ குற்றவாளி. நெருப்பை உண்டாக்க வேண்டியவன் அவன்தான். கழட்டி மவுண்ட் ரோட்டுக்கு அனுப்புங்கோ."

தோட்டக்காரர் அதுவரை ஒன்றும் பேசாமல் காரின் பின்பக்கம் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். புகை போகும் குழாய்க்குள்ளிருந்து ஏதோ நார் நீட்டிக்கொண்டிருக்கிறதே என்று சும்மா பிடித்து இழுத்தார். தேங்காய் நாரும் பஞ்சும் பழந்துணியுமாக ஒரு பெரிய உருண்டை வந்தது. அதைத் தொடர்ந்து ஒரு அணில் வந்து, எல்லோரையும் ஒரு முறை முறைத்துவிட்டு மதில்மேல் ஏறி ஓடிப்போயிற்று. அடுத்த சுற்றிலேயே கார் கிளம்பிவிட்டது.

நாங்கள் எல்லோரும் மாமாவைப் பார்த்தோம். மாமா அசரவில்லை.

"அணில் உடந்தை" என்றார். "முதல் குற்றவாளி மேக்னெட்டோதான். கூட்டாளி பிடிபட்டதும் பயந்துபோய் வேலை செய்யறான்."

வழியெல்லாம் நான் கேட்டுப் பார்த்தேன். ஒப்புக்கொள்ளவே இல்லை. தோற்றேன் என்ற வார்த்தை அவர் வாயில் வந்து யாரும் கேட்டதில்லை. ஒரு முறை கல்யாணம் ஒன்றுக்கு ஒருநாள் முந்திப் போய் இறங்கிவிட்டார். முகூர்த்தத்தைத் தப்பான நாளில் வைத்துவிட்டார்கள் என்று பெண்ணின் தகப்பனாரிடம் வாதாடிவிட்டு, அங்கேயே படுத்திருந்து மறுநாள் சாப்பிட்டுவிட்டு வந்தவர் அவர்.

இப்போது என் கல்யாணத்துக்கு வருகிறேன்.

என் அம்மா நான் சின்னவனாக இருக்கும்போதே போய்விட்டாள். என்னை வளர்த்தது அப்பாவின் அக்கா, குஞ்சம்மா அத்தை. மூக்கில் இரண்டு பக்கமும் வைரம், குரலில் வெண்கலம். அத்தை ஒரு முடிவு சொல்லிவிட்டால் அப்பா "சரி அக்கா" என்பார். அத்தையின் கணவர், எங்கள் அத்திம்பேர், அதைக்கூடச் சொல்ல மாட்டார், தலையை மட்டும் ஆட்டுவார். எனக்கு அத்தை ஒரு பெண்ணை மனசில் வைத்திருந்தாள், கும்பகோணத்தில் அத்திம்பேர் வழியில். நான் லஸ் சர்ச் ரோடில் பார்த்த ஜெயத்தைத்தான் கட்டிக்கொள்வேன் என்று சொல்லிவிட்டேன்.

காரணம் சொல்லிவிடுகிறேன். பெண் பார்க்கப் போனபோது ஜெயம் பாடிக்கொண்டிருந்தாள். தெருவில் ஒரு கார் 'பட்டேர்' என்று வெடித்தது. அத்தை உட்பட எல்லோரும் துள்ளி விழுந்தோம். ஜெயம் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே பாட்டை விட்ட இடத்தில் பிடித்தாள். அன்று முதல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, ஆபீஸில் கூட்டல் வரவில்லை. அத்தை முதல்முறையாக இறங்கி வந்தாள். அரை மனசோடுதான். ஏதாவது ஒரு குறை அகப்படாதா என்று அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

முகூர்த்தத்துக்கு முதல் நாள் சாயங்காலம் ஜானவாசம், அதாவது மாப்பிள்ளை ஊர்வலம். பெண் வீட்டார் திறந்த கார் ஒன்றை இரவல் வாங்கி, மல்லிகைப் பந்தலாக ஜோடித்து, குளக்கரைப் பிள்ளையார் கோவில் வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். என்னைக் கோட்டு சூட்டுக்குள் திணித்து, கோட்டில் ஒரு ரோஜாவைக் குண்டூசியால் குத்தி முன் ஸீட்டில் உட்காரவைத்தார்கள். முன்னால் நாயனம், தவில். இருபுறமும் தலையில் காஸ் லைட் தூக்கிய ஆட்கள். டிரைவர் எல்லப்பன் புதுக் காக்கிச் சட்டையில், அவனே மாப்பிள்ளை போல மினுக்கிக்கொண்டிருந்தான்.

கிளம்பும் சமயத்தில் அத்தை வெள்ளிக் கிண்ணத்தில் சந்தனத்தோடு வந்தாள். "எங்காத்துப் பிள்ளை ஏறற வண்டி. கண் பட்டுடப் போறது" என்று சொல்லிக்கொண்டே காருக்குப் பொட்டு வைக்க ஆரம்பித்தாள். விளக்கு இரண்டுக்கும் வைத்தாள், சக்கரத்துக்கு வைத்தாள், எல்லப்பன் நெற்றியிலும் ஒன்று வைத்தாள். கண்ணாடிக்கு முன்னால், நட்ட நடுவில், பெட்ரோல் ஊற்றும் வாய்க்குப் பளபளவென்று ஒரு மூடி இருந்தது. பார்த்தால் காருக்கு அதுதான் நெற்றி என்று தோன்றும். அதற்கு மட்டும் அத்தை தாராளமாக, ஒரு வடை அளவுக்குச் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்தாள்.

ஊர்வலம் ஜாம்ஜாமென்று புறப்பட்டது. கார் ஆமை வேகத்தில் ஊர்ந்தது. மாடிகளிலிருந்து பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். லஸ் முனையில் திரும்பும்போது இன்ஜின் இரண்டு முறை இருமியது. பிறகு நின்றுவிட்டது, சரியாக டிராம் தண்டவாளத்தின்மேல்.

எல்லப்பன் குதித்து ஹாண்டிலைப் போட்டுச் சுற்றினான். 'கர்ர் கர்ர்' என்றது. மறுபடி சுற்றினான். சுற்றியது, பிடிக்கவில்லை. அதற்குள் ஒரு டிராம் வந்து நின்று 'டங் டங்' என்று மணி அடித்தது. அதன் பின்னால் இன்னொன்று வந்து நின்றது. உள்ளே இருந்தவர்கள் இறங்கி ஊர்வலத்தில் சேர்ந்துகொண்டார்கள்.

"இன்னா நைனா, மாப்ளைய தண்டவாளத்து மேலயே குடி வெச்சிட்டீங்களா? ஊட்டுக்குப் போவ வாணாமா?" என்று டிராம் டிரைவர் கத்தினான்.

"வண்டியைத் தள்ளிடலாமா?" என்று யாரோ சொன்னார்கள்.

"தள்ளறதாவது!" என்று அத்தையின் வெண்கலக் குரல் கிளம்பியது. நாயனம் நின்றுவிட்டது. "கல்யாண மாப்பிள்ளையைத் தள்ளிண்டு போவாளா? அம்பாளே இதுக்கு மேல போகாதேன்னு நிறுத்திட்டா. எனக்கு அப்பவே மனசு சொல்லித்து. சகுனம் சரியில்லே. நாளைக்கு முகூர்த்தம் வேண்டாம், தள்ளிப் போட்டுடலாம்."

அத்தை தள்ளிப் போட்ட எதுவும் மறுபடி நடந்ததாகச் சரித்திரம் இல்லை. ஜெயத்தின் அப்பா துண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் அப்பாவைப் பார்த்தார். என் அப்பா "சரி அக்கா" என்று சொல்வதற்கு வாயைத் திறந்துகொண்டிருந்தார்.  காரில் உயரத்தில், மாலையும் கழுத்துமாக, எல்லோரும் பார்க்க உட்கார்ந்துகொண்டு நான் அழவும் முடியாது.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு குடை வந்தது. பின்னாலே மாமா. கல்யாணத்துக்கே கறுப்புக் கோட்டில்தான் வந்திருந்தார்.

"மாமி சகுனம்கறா. நான் காரணம்கறேன்" என்றார். "விசாரிச்சுப் பார்த்துடலாமே?"

"தாராளமா விசாரியும்" என்றாள் அத்தை. "காரணம் இன்னதுன்னு காட்டிட்டா நானே முன்னாலே நடந்து வரேன். காட்டாட்டா இந்தக் கல்யாணம் இல்லே." அவளுக்கு மாமாவை எப்போதுமே பிடிக்காது.

மாமா எல்லப்பன் பக்கம் திரும்பினார். "நெருப்பு இருக்கா?"

எல்லப்பன் ஒரு பிளக்கைக் கழற்றி, வயரோடு இன்ஜின்மேல் வைத்து, பக்கத்தில் நின்ற ஒருவனை ஹாண்டிலைச் சுற்றச் சொன்னான். நீலமாகப் பொறி பறந்தது. கூட்டம் "ஆஹா" என்றது.

"பெட்ரோல்?"

"மூடி வரிக்கும் ரொப்பிக்கினு வந்தேன் சாமி. நீயே பாத்துக்கினு தானே இருந்தே."

"பெட்ரோல் குழாய் திறந்திருக்கா?"

"கொயா தொறந்துதான் கீது."

"அப்போ கார்புரேட்டருக்கு வந்திருக்கணுமே. அடியிலே திருகைக் கழட்டு."

எல்லப்பன் பிளக்கைத் திரும்ப மாட்டிவிட்டுத் திருகைக் கழற்றினான். ஒரு சொட்டு விழுந்தது. அதோடு சரி. திருகை மறுபடி முறுக்கிவிட்டு எல்லப்பன் நிமிர்ந்து பார்த்தபோது அவன் முகமும் மாறியிருந்தது. "இன்னா சாமி இது, மேல தளும்ப தளும்ப கீது. கீய வர மாட்டேங்குது!"

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. இரண்டு மாமிகள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். டிராமிலிருந்து இறங்கிய ஒருவர் கற்பூரம் கிடைக்குமா என்று கேட்டார். விசாரணையால் அத்தையின் கட்சிதான் பலத்தது.

"பார்த்தேளா?" என்றாள் அத்தை. "தொட்டி நிறைய பெட்ரோல் இருக்கு, எறங்க மாட்டேங்கறது. அம்பாள் கையாலே பிடிச்சுண்டிருக்கா. இன்னும் என்ன விசாரிக்கணும்?"

மாமா மெதுவாகக் காரைச் சுற்றி வந்தார். எனக்கு முன்னால் வந்ததும் நின்றார். அந்தச் சந்தன வடையைப் பார்த்தார். குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. டாக்டர் வீட்டு வாசலில் வந்த அதே வெளிச்சம். எனக்கு உயிர் திரும்பி வந்தது.

"இந்தச் சந்தனம் யார் வெச்சது?" என்று உரக்கக் கேட்டார்.

"நான்தான் வெச்சேன். வேற யாருக்கு இவ்வளவு அழகா வரும்?" என்றாள் அத்தை, கிண்ணத்தை எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திக்கொண்டு.

மாமா குடையைத் தரையில் ஊன்றினார். வாயைத் திறந்தார். ஆயுசு பூராவும் காத்திருந்த சபை அது. இரண்டு டிராம் ஜனம், காஸ் லைட் வெளிச்சம், மயிலாப்பூரின் பாதி வக்கீல்கள். ஜட்ஜ் யாரும் இல்லை, தொண்டை வறளவும் இல்லை. சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்.

அவர் அத்தையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.  வாயை மூடிக்கொண்டார்.

"நாயனக்காரரே" என்றார், "என்ன சும்மா நிக்கறேள்? பலமா ஏதாவது வாசியுங்கோ. தவிலையும் விடாதீங்கோ."

நாயனமும் தவிலும் லஸ் முனையைப் பிளந்தன. மாமா என் மாலையைச் சரி செய்வது போலக் காரின் மேல் சாய்ந்தார். என் காதோடு சொன்னார்: "ரோஜாப் பூவிலே இருக்கற ஊசியைக் குடு. மூஞ்சியை நேரா வெச்சுக்கோ. மண்ணெண்ணெய் டின்னிலே ஒரு ஓட்டை போட்டா எண்ணெய் ஒழுங்கா வருமா? காத்துக்கு ரெண்டாவது ஓட்டை போடறோமில்லையா? இந்த மூடியிலே அந்த ஓட்டை இருக்கு. உங்கத்தை அதை அடைச்சு வெச்சிருக்கா."

ஊசியைக் கொடுத்தேன். மாமாவின் கை, காரையே தொடாத அந்தக் கை, மூடியை லேசாகத் திருகியது. 'உஸ்ஸ்' என்று காற்று உள்ளே போனது எனக்கு மட்டும் கேட்டது. குங்குமப் பொட்டின் நடுவில் ஊசியை விட்டுக் குடைந்தார். மூடியைத் திரும்ப முறுக்கினார். சந்தனம் அப்படியே இருந்தது. வைத்தவளுக்கே வித்தியாசம் தெரிந்திருக்காது.

பிறகு நிமிர்ந்து, காரின் பக்கவாட்டில் குனிந்து எதையோ திருகுவது போல் செய்துவிட்டு, கையை உயர்த்தினார். நாயனம் நின்றது.

"காரணம் கிடைச்சாச்சு" என்றார். "காலையிலே இந்த வண்டியைப் பரிசோதிச்சேன். அப்போ பெட்ரோல் குழாயை மூடினேன். திறக்க மறந்துட்டேன். உள்ளே இருந்த கொஞ்சம் பெட்ரோல்லே இவ்வளவு தூரம் வந்திருக்கு. தப்பு என் பேர்லே. இப்போ திறந்துட்டேன்."

"இன்னா சாமி சொல்றே? கொயாயை நான்தானே..." என்று ஆரம்பித்தான் எல்லப்பன்.

"சாட்சி கேட்டாத்தான் பேசணும்! ஹாண்டிலைச் சுத்து!"

எல்லப்பன் சுற்றினான். கர்ர். இன்னொரு கர்ர். பிறகு இன்ஜின் 'படபட' என்று பிடித்துக்கொண்டது. டிராம் மணிகள் இரண்டும் சேர்ந்து அடித்தன.

ஒரு கணம் எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள். அத்தையின் உதடு துடித்தது. அப்புறம் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

"ஊர்க் காரையெல்லாம் கூண்டிலே ஏத்தின வக்கீல்! குழாயைத் திறக்க மறந்துட்டாராம்! கேட்டேளா சம்பந்தி? திறக்க மறந்துட்டாராம்!" வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பில் சகுனமாவது, அம்பாளாவது, கும்பகோணமாவது! சொன்ன சொல் தவறாமல் ஊர்வலத்துக்கு முன்னால் நடந்தாள். வழியில் எதிர்ப்பட்டவர்களை எல்லாம் நிறுத்தி நிறுத்திக் கதையைச் சொல்லிக்கொண்டே நடந்தாள். லஸ் சர்ச் ரோடு போய்ச் சேருவதற்குள் கதைக்குக் கை கால் முளைத்துவிட்டது. மறுநாள் காலை முகூர்த்தத்தில் நான் ஜெயத்தின் கழுத்தில் தாலி கட்டினேன்.

அதற்குப் பிறகு மயிலாப்பூர் மாமாவை விடவில்லை. தெருப் பிள்ளைகள் அவர் தலையைக் கண்டால் "மாமா, குழாய் திறந்தாச்சா?" என்பார்கள். கிளம்பாத கார்க்காரர்கள் அவரைப் பார்த்ததும் முதலில், "குழாய் திறந்துதான் இருக்கு மாமா" என்பார்கள். டாக்டர் அதைச் சொல்லும்போது அவருக்கு இருந்த ஆனந்தத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. அணிலிடம்கூடத் தோற்க மறுத்த மனிதர், எல்லாவற்றுக்கும், "ஆமாம்டா, அன்னிக்கு மறந்துட்டேன்" என்று சிரித்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்.

ஒரு தீபாவளிக்கு நானும் ஜெயமும் அவரை நமஸ்கரிக்கப் போனபோது எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன் மாமா, நிஜத்தைச் சொல்லியிருந்தா அன்னிக்கு அத்தனை பேர் முன்னாலே கேஸை ஜெயிச்சிருப்பேளே?"

"ஜெயிச்சிருப்பேன்" என்றார் மாமா. "உங்கத்தை சபையிலே தலை குனிஞ்சிருப்பா. குனிஞ்ச தலையோட உன் கல்யாணத்துக்கு நின்னிருப்பாளா? அப்படியே கும்பகோணத்துக்கு ரயிலேறியிருப்பா, பின்னாலேயே உங்கப்பாவும் போயிருப்பான். நான் அந்தக் காருக்கு வக்கீலா, உனக்கு வக்கீலா?" ஜெயம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாமா பதறிப்போய், "அழப்படாது, அழப்படாது. இந்த பட்சணத்திலே உப்பு ஜாஸ்தின்னு ஏற்கெனவே எங்காத்து மாமியோட கேஸ் நடந்துண்டிருக்கு" என்றார்.

அத்தை உயிரோடு இருக்கும்வரை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று எங்களிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். மாமா முதலில் போனார். அத்தை வந்து வாசலில் உட்கார்ந்து நிஜமாகவே அழுதாள். "நல்ல மனுஷன். பாவம், குழாயைத்தான் மறந்துட்டார்" என்றாள். நானும் ஜெயமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இப்போது அத்தையும் போய்ச் சேர்ந்துவிட்டாள். நிறைந்த வாழ்வு, கடைசிவரை அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே இருந்தாள். இனி சொல்லலாம், எழுதித்தான் ஆக வேண்டும் என்று ஜெயம் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறாள்.

ஆகவே, அன்று லஸ் முனையில் நின்றிருந்த, இன்னும் ஞாபகம் வைத்திருக்கிற மயிலாப்பூர்வாசிகள் எல்லோருக்கும் சொல்லிக்கொள்கிறேன். எங்கள் மாமா எதையும் மறக்கவில்லை. குழாய் திறந்துதான் இருந்தது.